அத்திரம்பாக்கத்து எருமைகள்: ஒரு பள்ளிச் சுவருக்கான எண்ணெய் வண்ண ஓவியம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லாவரம் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் பள்ளி, தன் அறிவியல் கூடத்துக்கு எட்டடி அகலம், ஐந்தடி உயரத்தில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் வேண்டும் என்று ஒரு ஜூன் மாதம் முடிவு செய்தது. பொருள்: கற்கால விலங்குகள். டிசம்பர் ஆண்டு விழாவில் திறந்து வைப்பதாகத் திட்டம். பள்ளிக்கும் ஓவியருக்கும் நடுவே பேசி வைத்தவன் என்ற முறையில் ஆரம்பம் முதல் கூடவே இருந்தேன். இப்படி ஒரு வேலையை எடுக்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்றே இதை எழுதுகிறேன்.

ஓவியர் முப்பதுகளில் இருப்பவர். எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். உருவப்படங்களில் நல்ல கை. அழிந்துபோன காலத்து விலங்குகளை அதற்கு முன் வரைந்ததில்லை. மூன்றாவதாக, ஓய்வு பெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவரைப் பள்ளி ஆலோசகராகக் கேட்டுக்கொண்டது.

தாளாளர் அம்மா முதலில் கேட்டது பனி, கம்பளி யானை, வாள்பல் புலி. பிள்ளைகளின் படப்புத்தகங்களில் இருப்பது அதுதான் என்பதால் அந்த ஆசை நியாயமானதே. பேராசிரியர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், கம்பளி யானை வடக்கே குளிர் நிலத்துப் பிராணி. நம்ம பக்கம் அது வந்ததே இல்லை. ஆனா உங்க பள்ளி இருக்கிற ஊருக்கே ஒரு கற்காலக் கதை இருக்கு."

அந்தக் கதை பலருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1863 மே 30 அன்று, நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் கண்டார்கள். 1999 முதல் அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வு, கீழடுக்குக் கருவிகளின் காலம் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் காட்டியது.

ஓவியத்துக்கு முக்கியமான தகவல் வேறு. அந்த இடத்தில் மூன்று விலங்குப் பற்களின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன: நீர் எருமை, குதிரை இனம், நீலான் (நீல்காய் என்றும் சொல்வார்கள்). கூடவே குளம்புத் தடங்களும். இவை சேர்ந்து திறந்த, ஈரமான ஒரு நிலத்தைச் சுட்டுகின்றன. சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம், எருமையும் குதிரையும் நீலானும் ஒன்றாக நின்ற காட்சி! பனி வேண்டாம் என்று தாளாளரும் ஒப்புக்கொண்டார். யானையை விட மட்டும் அவருக்கு மனசில்லை.

முதல் வரைவுகளில் கண்டவை

ஜூலையில் ஓவியர் சுற்றினார். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்த கருவிகள், பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், அத்திரம்பாக்கத்தின் ஓடைச் சரிவுகள் என்று எல்லாம் பார்த்தார். கற்களை எடுக்கக் கூடாது, கிடந்த இடத்திலேயே வரையலாம் என்று பேராசிரியர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஓவியர் கொண்டுவந்த நிற வரைவுகள் அழகானவை. செம்மண் சரளையின் துருச் சிவப்பு, அதன் கீழே சாம்பல் களிமண், குவார்ட்சைட் கூழாங்கற்களின் மங்கிய இளஞ்சிவப்பு எல்லாமே நேரில் பார்த்த கண்ணின் வண்ணங்கள்.

சிக்கல் விலங்குகளில் இருந்தது. மாதவரம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் கொட்டகையில் எருமைகளை வரைந்துவந்திருந்தார். அவை முர்ரா. கொம்பு காதோரமே இறுக்கமாகச் சுருண்டிருக்கும், பாலுக்காக மனிதன் வளர்த்தெடுத்த இனம். காட்டு நீர் எருமைக்குக் கொம்பு அகலமாக விரிந்து பிறைபோல் பின்னோக்கி வளையும். அசாமிலும் சத்தீஸ்கரிலும் இன்றும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. நமக்குக் கிட்டத்தில் அகன்ற கொம்பைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரித் தோடர் எருமை உதவும். ஓவியர் அந்த இரண்டின் படங்களையும் வைத்து மறுபடி வரைந்தார்.

குதிரைக்கு மாதிரி மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரைகள். காலின் அசைவு அபாரமாக வந்திருந்தது. ஆனால் பிடரி மயிர் கழுத்தில் சரிந்து விழுந்தது. இன்று உயிரோடு இருக்கும் காட்டுக் குதிரை, வரிக்குதிரை, காட்டுக் கழுதை எல்லாவற்றுக்கும் பிடரி குட்டையாக நிமிர்ந்து நிற்கிறது. வீட்டுக் குதிரைக்குத்தான் சரியும். நிமிர்ந்த பிடரி, மங்கிய மணல் நிறம், முதுகில் ஒரு கருங்கோடு என்று முடிவானது. நிறம் ஊகம்தான், பல் நிறத்தைச் சொல்லாது. ஆனால் உறவினங்களைப் பார்த்துச் செய்த ஊகம்.

நீலானில் பெரிய சண்டை இல்லை. வண்டலூர் பூங்காவில் பார்த்து வரைந்தார். ஆணுக்கு நீலச் சாம்பல் உடல், தொண்டையில் வெள்ளைத் திட்டு, குட்டைக் கொம்பு. பெண்ணுக்குப் பழுப்பு நிறம், கொம்பு கிடையாது. தோளிலிருந்து பின்பக்கம் சரியும் முதுகுதான் அதன் அடையாளம். அதை ஓவியர் முதல் வரைவிலேயே பிடித்துவிட்டார்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு: அந்த இடத்திலேயே சான்று கிடைத்த விலங்குகள் மட்டுமே காட்சிக்குள் வரும். யானை இதனால்தான் வெளியே போனது. நர்மதை, கோதாவரிப் படுகைகளில் பெரும் யானை இனங்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. இங்கேயும் யானை திரிந்திருக்கலாம். இருந்தும் 'இருந்திருக்கலாம்' என்பதைத் திறந்துவிட்டால் காண்டாமிருகம், நீர்யானை, புலி என்று வரிசை முடியாது. என் பார்வையில் இந்த மொத்த வேலையிலும் மிகச் சரியான முடிவு இதுதான். எழுத்தாளனுக்கு 'ஒருவேளை' என்று எழுதிக்கொள்ள இடமுண்டு. ஓவியனுக்கு அந்த வசதி கிடையாது. தூரிகை வைத்த இடமெல்லாம் 'இது இருந்தது' என்றுதான் பேசும்.

இரண்டாவது: மனிதன் வேண்டாம். வேட்டைக் காட்சி இருந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று பள்ளியில் சிலர் சொன்னார்கள். அத்திரம்பாக்கத்தில் ஆயிரக்கணக்கில் கருவி கிடைத்தும் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்தியாவில் மிகப் பழைய மண்டையோட்டுப் பகுதி 1982இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் கிடைத்தது, அதுவும் காலத்தால் மிகப் பிந்தியது. முகம் தெரியாதவர்களுக்கு முகம் வரைவதைவிட, முன்பக்கத்துச் சரளையில் ஒரு கைக்கோடரியைப் போட்டுவிடலாம் என்றார் ஓவியர். யோசனை அவருடையது. எல்லோருக்கும் உடனே பிடித்துவிட்டது.

வண்ணப் பக்கம் வருவோம். எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாவதுபோல் காய்வதில்லை. அதில் கலந்துள்ள லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. அதனால் அடுக்கு முறை முக்கியம்: கீழே எண்ணெய் குறைவான, டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் கூடுதல். இதை மாற்றிச் செய்தால் கீழடுக்கு இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போதே மேலடுக்கு விறைத்து, பின்னாளில் வெடிக்கும். ஓவியர் அடித்தளம் முழுவதையும் அம்பர் பழுப்பில் மெல்லியதாகப் போட்டார். அம்பரில் உள்ள மாங்கனீஸ் எண்ணெயைச் சீக்கிரம் காயவைக்கும் என்பதால் இது நல்ல தேர்வு. வெள்ளைக்கு டைட்டானியம் மட்டும். ஜிங்க் வெள்ளை எண்ணெயில் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைவதால், இவ்வளவு பெரிய, தளர்ந்து இறுகும் கேன்வாசில் அதை வைக்க அவர் விரும்பவில்லை.

எண்ணெய் துடைத்த துணிகளை மூடியுள்ள தகரத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தார். லின்சீட் ஊறிய துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வாடகை அறையில் வேலை செய்கிற எவரும் இதை விடக் கூடாது.

நவம்பரில் நடந்தது

ஆகஸ்ட் கடைசியில் கேன்வாசில் கோடு போட்டார். செப்டம்பரில் அடித்தளம், அக்டோபரில் வானமும் ஆறும் விலங்குகளின் முதல் அடுக்கும் முடிந்தன. அப்புறம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மேடவாக்கத்து அறையில் எல்லாமே ஈரம். கேன்வாஸ் தளர்ந்து தொங்கியது. சட்டத்தின் மூலை ஆப்புகளைத் தட்டி இறுக்க வேண்டியிருந்தது. இரண்டே நாளில் தொடுகைக்கு இறுகிக்கொண்டிருந்த பூச்சுகள் வாரம் கடந்தும் ஒட்டின.

நவம்பர் நடுவில் பேராசிரியர் வந்து பார்த்தார். ஆகஸ்டுக்குப் பிறகு அதுதான் அவருடைய முதல் வருகை. எருமைகளைப் பார்த்து மகிழ்ந்தவர், இடப்பக்கக் கரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தம்பி, இது என்ன மரம்?"

"அங்கே கரை முழுக்க இதுதான் சார் இருந்துச்சு. ஃபோட்டோ இருக்கு."

சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம். 15 இலட்சம் ஆண்டுக்கு முந்தைய கரையில் அது நின்றது. கீழே நீரோரம் ஆகாயத்தாமரையின் ஊதாப் பூக்கள். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஓவியர் பொய்யாக எதையும் சேர்க்கவில்லை, நேரில் கண்டதை நேர்மையாக வரைந்தார். இன்று திருவள்ளூர்ப் பக்கம் எந்த ஆற்றங்கரையைப் படம் பிடித்தாலும் இந்த இரண்டும் உள்ளே வந்துவிடும். விலங்குகளுக்கு ஒவ்வொரு கொம்பையும் விவாதித்த நாங்கள் செடிகொடிகளுக்கு ஒரு பட்டியல்கூடப் போடவில்லை. நடந்ததற்கு அதுதான் காரணம்.

அந்தக் கரை ஏற்கனவே எண்ணெய் கூடிய, தடித்த பூச்சு. மேலே தோல் கட்டியிருந்தது, உள்ளே மென்மை. ஆண்டு விழாவுக்கு நாலு வாரம்கூட இல்லை. மூன்று யோசனைகள் எழுந்தன.

மேலேயே மெல்லிய வண்ணம் பூசி மறைத்துவிடலாம் என்பது ஒன்று. சீக்கிரம் முடியும். ஆனால் கொழுத்த ஈர அடுக்கின் மேல் மெலிந்த அடுக்கு, அதாவது வெடிப்புக்கு நேராக அழைப்பு. கொஞ்ச வருடத்தில் வெடிப்பின் வழியே பழைய பச்சை எட்டிப் பார்க்கும்.

கோபால்ட் டிரையர் கலந்து வேகமாகக் காயவைப்பது இரண்டாவது. வண்ணக் கடையில் ஒருவர் இதைத்தான் சொன்னார். அளவு மீறினால் மேற்பரப்பு மட்டும் இறுகிச் சுருங்கும், நாளடைவில் படலம் நொறுங்கும். வெயில் வரும் நாளில் மொட்டை மாடியில் வைக்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. அதையும் ஓவியர் மறுத்தார்.

மூன்றாவது, சுரண்டி எடுப்பது. இதைத்தான் செய்தார். வண்ணக் கத்தியால் தோலை உரித்து, மென்மையான பகுதியை வழித்து, டர்பன்டைன் தோய்த்த துணியால் அம்பர் அடித்தளம் தெரியும்வரை துடைத்தார். அடித்தளம் முன்பே நன்றாக இறுகியிருந்ததால் தாங்கியது. செப்டம்பரில் பொறுமையாகப் போட்ட மெல்லிய பூச்சின் பலன் அன்று தெரிந்தது. ஒன்றரை மாத உழைப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு துணியோடு போனது. வீணான வண்ணச் செலவில் பாதியைப் பள்ளி ஏற்றுக்கொண்டது.

புதிய கரைக்கு நாணலும் கோரையும் உயரப் புல்லும். மரங்கள் தூரத்தில், இனம் பிரித்துச் சொல்ல முடியாத கரும்பச்சைத் திரளாக மட்டும். எந்த மரம் என்பதற்குச் சான்று இல்லாதபோது இலை இலையாக வரைவது தேவையற்ற துணிச்சல் என்று பேராசிரியர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. ஓவியமாகவும் அது நன்மையே செய்தது. முன்பு கண் கருவேல முட்களில் சிக்கி நின்றது. இப்போது நேராக எருமைகளிடம் போகிறது.

ஆண்டு விழா

ஈரப் படத்தையே மாட்டித் திறந்துவிடலாம் என்று தாளாளர் கேட்டார். சிறப்பு விருந்தினரை அழைத்தாகிவிட்டது, அவருடைய சங்கடம் எங்களுக்குப் புரிந்தது. ஆனால் அந்த நிலையில் வேனில் ஏற்றினால் தூசி ஒட்டும். நூறு பிள்ளைகள் வரிசையில் போனால் ஒரு விரலாவது படும். ஓவியர் வேறு வழி சொன்னார்: சிறிய அளவில் போட்ட நிற வரைவு, எருமைக் கொம்பின் முதல் வரைவும் திருத்திய வரைவும், வண்டலூர் நீலான் கோடுகள் எல்லாவற்றையும் பலகையில் ஒட்டி விழாவில் வைப்போம், படத்தைப் பொங்கல் முடிந்ததும் மாட்டுவோம்.

பலகையின் முன்னால் கூட்டம் கலையவே இல்லை. முர்ரா கொம்பு ஏன் மாறியது என்று ஒரு ஆறாம் வகுப்பு மாணவி தன் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். முடிந்த படம் மட்டும் அங்கே இருந்திருந்தால் அந்த உரையாடலுக்கு இடமே இருந்திருக்காது. அந்த வரைவுகள் இன்றும் கூடத்தில் நிரந்தரமாக இருக்கின்றன. திட்டத்தில் இல்லாமல் கிடைத்த நல்லது என்றால் இதுதான்.

மாட்டிய பிறகு

டிசம்பர் முழுக்க அறையில் ஏசியை டிரை மோடில் வைத்து, பகலில் வெளிச்சம் படும்படி கேன்வாசைத் திருப்பி வைத்துக் காயவிட்டார்கள். லின்சீட் இருட்டில் காய்ந்தால் மஞ்சள் படரும், அதனால் துணி போட்டு மூடவில்லை. சில இடங்கள் எண்ணெய் உறிஞ்சி மங்கித் தெரிந்தன. அங்கே மட்டும் மிக மெல்லியதாக எண்ணெய் தடவித் துடைத்தெடுத்தார்.

மாட்டவிருந்த சுவர் மேற்கே பார்த்த வெளிச்சுவர். மழைக்குப் பிறகு அதில் ஓதம் கண்டிருந்தது. கேன்வாசின் முதுகில் பூஞ்சை பிடிக்க அதுபோல் வசதியான இடம் வேறில்லை. உள்சுவருக்கு மாற்றி, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்றுப் போக இடைவெளி விட்டார்கள்.

படத்தின் கீழே விளக்கப் பலகை. பேராசிரியர் எழுதியது, மூன்று பகுதி. பல் கிடைத்ததால் தெரிந்தவை: எருமை, குதிரை இனம், நீலான். இன்றைய உறவினங்களைப் பார்த்து வரைந்தவை: கொம்பு வளைவு, நிமிர்ந்த பிடரி, தோல் நிறம். ஓவியரின் ஊகம்: மேகம், நேரம், விலங்குகள் நிற்கும் வரிசை. யானை எங்கே என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் ஆசிரியர்கள் இந்தப் பலகையைக் காட்டுகிறார்கள். தாளாளரும் விருந்தினர்களிடம் இப்போது அதையே காட்டுகிறார்.

ஒரு குறை மிஞ்சியது. மூன்று எருமைகளில் முதலில் வரைந்ததற்கு ஓவியர் ஐவரி பிளாக்கைத் தடிமனாகப் போட்டிருந்தார். மிக மெதுவாகக் காயும் வண்ணங்களில் அது ஒன்று. மற்ற இரண்டுக்கும் அல்ட்ராமரின் நீலமும் அம்பரும் கலந்து கருமை உண்டாக்கினார், அவை நன்றாக இறுகின. முதல் எருமை பிப்ரவரி வரை ஒட்டிக்கொண்டே இருந்தது. அதன் வயிற்றுப் பக்கம் பஞ்சு இழைகள் பிடித்திருந்தன. கோடையில் முழுதாக இறுகிய பிறகு மெல்ல எடுத்துப் பார்த்தார்கள், இரண்டு மூன்று இழை உள்ளேயே தங்கிவிட்டன. பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்.

மாற்ற வேண்டியவை

சென்னையில் இந்த அளவு எண்ணெய் வண்ண வேலையை ஜூனில் தொடங்கி டிசம்பரில் கேட்பது காலத்தோடு மல்லுக்கட்டுவது. பிப்ரவரியில் கோடு போட்டு, மார்ச்சிலிருந்து ஜூன் வரையுள்ள வெப்பத்தில் தடித்த அடுக்குகளை முடித்துவிட்டால், மழைக்காலத்துக்கு மேல்பூச்சும் திருத்தமும் மட்டும் மிஞ்சும். அவசரமாக வேண்டுமென்றால் அக்ரிலிக்கில் கேட்கலாம், அதில் தவறில்லை. எண்ணெய்தான் வேண்டும் என்றால் அதற்கான காலத்தைக் கொடுத்தாக வேண்டும்.

ஆலோசகரின் வருகையை வண்ண அடுக்குகளோடு கட்டிவைக்க வேண்டும். அடித்தளம் முடிந்ததும் ஒருமுறை, தடித்த பூச்சு தொடங்கும் முன் கட்டாயம் ஒருமுறை. பென்சில் கோட்டில் ஒரு மரத்தை அழிக்க ஒரு நிமிடம் போதும். நவம்பரில் அதற்கு ஒரு வாரமும் ஒரு குப்பி டர்பன்டைனும் ஆயின.

செடிப் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும். சீமைக் கருவேலம், ஆகாயத்தாமரை, உண்ணிச்செடி, சப்பாத்திக் கள்ளி, தைல மரம் ஆகிய ஐந்தையும் தமிழகத்துக் கற்காலக் காட்சியிலிருந்து முதலிலேயே நீக்கிவிடலாம். எல்லாமே நம் கண்ணுக்குப் பழகிவிட்ட, ஆனால் வெளியிலிருந்து வந்த செடிகள். களப் புகைப்படத்தை நிலத்துக்கும் வெளிச்சத்துக்கும் நம்பலாம், தாவரத்துக்கு நம்பக் கூடாது.

ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் தேதியோடு 'தொடுகைக்கு முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டப்படும்' என்ற வரியையும் ஓவியர் இப்போது சேர்த்துக்கொள்கிறார். வார்னிஷ் செலவு தனி. அந்தப் பூச்சு அடுத்த ஆகஸ்டில், மாட்டி ஏழு மாதம் கழித்து, பள்ளிக்கூடத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.